கார்பன் ஃபைபர் லுக் வேணுமா? முதல்ல கணக்கைப் பாருங்க!

"டாப் வேரியன்ட் எடுத்தா டேஷ்போர்டு சும்மா கெத்தா இருக்கும் சார்!" ஷோரூம்ல இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. விலை வித்தியாசம் 50,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அதையும் கார் லோன்ல சேர்த்தா, 9% வட்டியில 5 வருஷத்துக்கு மாசம் சுமார் 1,038 ரூபாய். மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 62,275 ரூபாய்!

அந்தக் காசுக்கு கூடுதல் ஏர்பேக் மாதிரி பாதுகாப்பு வசதி வந்தா தாராளமா எடுங்க. வெறும் லுக்குக்காகன்னா வேற வழி இருக்கு: கார்பன் ஃபைபர் வினைல் ராப்.

இது நிஜமான கார்பன் ஃபைபர் இல்ல. அதே நெசவு டிசைன்ல வர்ற பிளாஸ்டிக் ஃபிலிம். டேஷ்போர்டு பட்டை, கியரைச் சுத்தி இருக்குற பேனல், இவ்வளவு ஒட்டினாலே உள்பக்கம் மாறிடும். பிடிக்கலைன்னா சூடு காட்டி உரிச்சிடலாம்.

ஒட்டுறதுக்கு முன்னாடி 3 விஷயம்:

1. ஃபிலிம் 'காஸ்ட்' வகையா, 'காலண்டர்டு' வகையான்னு கேளுங்க. காலண்டர்டு விலை கம்மி; ஆனா வளைவான இடங்கள்ல நாளடைவுல சுருங்கி ஓரம் தூக்கும். காஸ்ட் நல்லா படியும், அதிக நாள் உழைக்கும்.

2. ஏர்பேக் மூடி மேல ஒட்டவே ஒட்டாதீங்க. விபத்து நேரத்துல அது திறக்கிறதுக்குத் தடையாகலாம்.

3. வெளிப்புறம் முழுக்க ஒட்டி கார் நிறமே மாறினா, ஆர்.சி.யிலயும் மாத்தணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு: காரை விக்கும்போது இந்தக் காசு திரும்ப வரும்னு நினைக்காதீங்க. இது முதலீடு இல்ல, ஆசைக்கான செலவு. அதனால கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வேண்டாம், கையில இருக்குற காசுக்கு எத்தனை பேனல் முடியுமோ, அத்தனை மட்டும் ஒட்டுங்க.