மேடை ஏறும் முன் – 7: திரைக்குப் பின்னால் 16-ஆம் எண்

அந்த அழைப்புக் கடிதம் 'திரு. ஏபி கானன்ட்' என்று விளித்திருந்தது. கடிதத்தைப் பிரித்துப் படித்தவரோ ஒரு பெண்.

ஆண்டு 1980. அமெரிக்காவில் பிறந்த ஏபி கானன்ட் அப்போது இத்தாலியில், டூரின் நகர ஆபராவில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பிய இசைக்குழுக்களுக்கு 11 விண்ணப்பங்கள் போட்டதில் பதில் வந்தது ஒன்றே ஒன்று, ம்யூனிக் ஃபில்ஹார்மோனிக்கிடமிருந்து. அதுவும் ஆண் என்று எண்ணி எழுதியது. நானாக இருந்தால் அந்த 'திரு'வைப் பார்த்ததுமே மனம் சுருங்கிப் போயிருப்பேன். அவர் ரயிலேறும் துணிவோடு இருந்தார்.

டிராம்போன் பொல்லாத வாத்தியம். விரல் வைக்கத் துளையில்லை, அழுத்தக் கட்டையில்லை. குழாயை முன்னும் பின்னும் இழுத்து, காதை மட்டும் நம்பிச் சுரம் பிடிக்க வேண்டும். மூச்சும் உதடும்தான் மூலதனம். பயம் முதலில் கை வைப்பதும் அந்த இரண்டில்தான். வாய் உலரும், உதடு நடுங்கும், மூச்சு பாதியில் அறுபடும். வீணைக்காரர் நடுக்கத்தை ஓரளவு மறைத்துவிடலாம். ஊதுகிறவருக்கு அந்த வழியில்லை. நம் நாகஸ்வரக் கலைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தேர்வு ம்யூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் நடந்தது. போட்டியாளர்கள் 33 பேர். அவர்களில் ஓர் இளைஞர் இசைக்குழுவினருக்குத் தெரிந்தவருடைய மகன். சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதென்று முதல் சுற்றை மட்டும் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். யாரோ ஒருவருக்காகக் கட்டிய திரை, கானன்டுக்கு வாசலாயிற்று.

அவர் எண் 16. ஃபெர்டினாண்ட் டாவிட்டின் கான்செர்டினோவை வாசித்தார். ஜெர்மனியில் டிராம்போன் தேர்வுகளில் தவறாமல் கேட்கும் உருப்படி அது. நடுவே ஒரு சுரம் உடைந்தது. கச்சேரியில் ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தேர்வில், வாசிப்பவர் மனம் பொறுத்துக்கொள்ளாது. எல்லாம் முடிந்தது என்று தீர்மானித்து, உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இந்த இடத்தைக் கடக்க மனம் வரவில்லை. உடைந்த சுரம் ஒன்றை அவர் எண்ணிக்கொண்டிருந்த அதே நேரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மற்ற சுரங்களையெல்லாம் கேட்டு முடித்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. மீதமிருந்த 17 பேரை வாசிக்கச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

16-ஆம் எண்ணைக் கூப்பிட்டார்கள். திருவாளர் கானன்டை எதிர்பார்த்திருந்த அவை முன் ஒரு பெண் வந்து நின்றார்.

இன்னும் இரண்டு சுற்றுகள் பாக்கி. இம்முறை திரை கிடையாது. திகைத்துப்போன அந்த முகங்களுக்கு நேர் எதிரே நின்று ஊத வேண்டும். ஊதினார். முதன்மை டிராம்போன் இடம் அவருக்கே கிடைத்தது.

மறு ஆண்டே அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். தன் நுரையீரலின் வலிமையை மருத்துவப் பரிசோதனையில் நிரூபித்து, 1993 வரை அவர் நீதிமன்றத்தில் போராடிய கதை அடுத்த இதழில்.