நெட் சென்டர் கம்ப்யூட்டர்ல லாகின் பண்றீங்களா? ஒரு நிமிஷம்!



போன மாசம் லோன் பேப்பர்ஸ் பிரிண்ட் எடுக்க, புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நெட் சென்டருக்குப் போனேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தா, யாரோ ஒருத்தரோட இ-ஆதார், ஃபார்ம் 16, மூணு மாச சேலரி ஸ்லிப் எல்லாம் வரிசையா கிடக்குது. அவரோட ஜிமெயில்கூட லாக்அவுட் ஆகலை! எல்லாத்தையும் டெலீட் பண்ணி, லாக்அவுட் பண்ணிட்டுத்தான் எந்திரிச்சேன். எனக்கு முன்னாடி எத்தனை பேர் பார்த்தாங்களோ.

"இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே"ன்னு நினைக்காதீங்க. பெயரோட முதல் நாலு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த வருஷம். அவ்வளவுதான். பேர் சேலரி ஸ்லிப்லயே இருக்கு. வருஷத்தை மாத்தி மாத்திப் போட்டா திறந்துடும். ஜிமெயில் திறந்து கிடந்தா இன்னும் மோசம். மத்த கணக்குகளோட பாஸ்வேர்டு மாத்துற லிங்க் பலதும் அங்கதானே வரும்?

அதுக்காக நெட் சென்டருக்கே போகக்கூடாதா? போகலாம். வேலைக்குத் தகுந்த மாதிரி ஜாக்கிரதை போதும்.

1. வெறும் பிரிண்ட்டா? லாகினே வேண்டாம். போன்ல டவுன்லோட் பண்ணி, அந்த ஃபைலை மட்டும் கொடுங்க. பிரிண்ட் வந்ததும் கடை கம்ப்யூட்டர்ல அழிக்கச் சொல்லுங்க, ரீசைக்கிள் பின்லயும் சேர்த்து. கேக்குற இடம் ஏத்துக்கிட்டா, கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் கொடுங்க.

2. மெயில் திறந்தே ஆகணுமா? இன்காக்னிட்டோ விண்டோல திறங்க. மூடினதும் ஹிஸ்டரி, குக்கீஸ் போயிடும். ஆனா டவுன்லோட் பண்ண ஃபைல் அங்கேயே இருக்கும்; கீலாகர் இருந்தா நீங்க டைப் பண்றதும் பதிவாகும். அதனால டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் கூகுள் அக்கவுண்ட்ல 'யுவர் டிவைசஸ்' பார்த்து, தெரியாததை சைன் அவுட் பண்ணுங்க. வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தா 'லிங்க்டு டிவைசஸ்'லயும் இதே வேலை.

3. நெட் பேங்கிங், டீமேட், பிஎஃப்? பொது கம்ப்யூட்டர்ல வேண்டவே வேண்டாம். உங்க போன், உங்க டேட்டா. ஆபீஸ்ல ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி உக்கார்ற சிஸ்டமும் பொது கம்ப்யூட்டர்தான். 'சேவ் பாஸ்வேர்டு' கேட்டா 'நெவர்' அழுத்துங்க.

பணம் போயிட்டா? உடனே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க. ஆர்.பி.ஐ.-யோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது இதுதான்: தப்பு உங்க மேலயும் இல்லாம, பேங்க் மேலயும் இல்லாம மூணாவது ஆளால நடந்து, 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லை. உங்க கவனக்குறைவால போனா, புகார் சொல்ற வரைக்கும் போன மொத்தமும் உங்க தலையிலதான். சொன்னதுக்கு அப்புறம் போறது பேங்க் பொறுப்பு. அதனால ஒவ்வொரு மணி நேரமும் காசுதான்.

மிச்சமாகுறது ரெண்டு நிமிஷம். மாட்டினா போறது மாசச் சம்பளம். இன்னைக்கே 'யுவர் டிவைசஸ்' திறந்து பாருங்க. பழைய கம்ப்யூட்டர் ஏதாவது ஒண்ணு இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

டூ-ஸ்டெப் செட்டிங்ஸ் எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல பார்க்கலாம்.