மழலையர் வகுப்புக்கு வந்த கடன்

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏழை வீட்டுக் குழந்தைகளின் முன்பருவப் பள்ளிக்கு கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கி கடன் கொடுக்க முன்வந்தது. வங்கியின் பங்கு 46 லட்சம் டாலர். பின்னாளில் இல்லினாய் மாநில ஆளுநரான ஜே.பி. பிரிட்ஸ்கர் இன்னும் 24 லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டார். நஷ்டம் வந்தால் முதல் அடி பிரிட்ஸ்கருக்கு.

வங்கிக்கு ஏன் இந்த வேலை? மூன்று, நான்கு வயதில் நல்ல வகுப்பறை கிடைத்த குழந்தை பின்னாளில் சிறப்புக் கல்வி என்ற தனிக்கவனம் தேவைப்படாமல் படிக்க வாய்ப்பு அதிகம். அரசுக்கு அதனால் செலவு மிச்சம். ஆனால் அந்த மிச்சம் வருவது பல வருடங்கள் கழித்து. ஆசிரியர் சம்பளமோ இந்த மாதமே தர வேண்டும். சட்டமன்றங்கள் தயங்குவது இங்கேதான். யூட்டாவில் அப்போது மாநிலப் பணத்தில் பொதுவான முன்பருவப் பள்ளித் திட்டமே இல்லை. அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 'சமூக தாக்கப் பத்திரம்'. முதலீட்டாளர் முன்பணம் போடுவார்; விளைவு தெரிந்தால் மட்டுமே அரசு திருப்பித் தரும். 2010-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட முறை இது.

விளைவு என்றால் எது? யூட்டா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. முன்பருவப் பள்ளியில் சேரும்போது குழந்தைகளுக்கு பீபாடி படச் சொல் தேர்வு வைத்தார்கள். தேர்வு நடத்துபவர் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை நான்கு படங்களில் சரியானதைத் தொட்டுக்காட்ட வேண்டும். 70 அல்லது அதற்கும் கீழே மதிப்பெண் எடுத்தவர்கள் பிற்பாடு சிறப்புக் கல்விக்குப் போகக்கூடியவர்கள் என்று கணக்கு. அவர்களில் ஒருவர் அப்படிப் போகாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 2,600 டாலர் மிச்சம். கடனும் வட்டியும் அடையும் வரை அதில் 95 சதவீதம் முதலீட்டாளருக்கு.

முதல் அணியில் சுமார் 600 குழந்தைகள். அவர்களில் 70-ஐத் தாண்டாத நான்கு வயதினர் 110 பேர். முன்பருவப் பள்ளி முடிந்து கிண்டர்கார்டன் வந்ததும் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் சிறப்புக் கல்வி தேவைப்பட்டது. 2015-இல் சுமார் 2,67,000 டாலர் முதலீட்டாளர்களுக்குப் போனது.

நம்ப முடியாத வெற்றி என்று சொல்லத் தோன்றும். பல கல்வி ஆய்வாளர்கள் நம்பவும் இல்லை. அந்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் அவர்களின் கேள்விகளை வெளியிட்டது. தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளுக்கும் அதையே வைத்தார்கள். ஆங்கிலச் சொல் தெரியாத பிள்ளைக்கு அறிவுக் குறை என்று எப்படி முடிவுகட்டுவது? முன்பருவப் பள்ளிக்கே போகாத, இதே நிலையிலுள்ள குழந்தைகளோடு ஒப்பிடவும் இல்லை. இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு, பேச்சு தாமதமான குழந்தைக்கு சிறப்புக் கல்வி ஓர் உரிமை. அந்த உதவி கிடைக்காததையே வெற்றியாக எண்ணிப் பணம் கொடுத்தால், குறையை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கும் ஆர்வம் மங்கிவிடும்.

சிகாகோ இதில் கவனமாக இருந்தது. 2014-இல் அங்கே 2,600-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு 1.69 கோடி டாலர் முதலீடு திரட்டப்பட்டது. அளவுகோல்கள் மூன்று. குழந்தை கிண்டர்கார்டனுக்குத் தயாராக இருந்தால் 2,900 டாலர். மூன்றாம் வகுப்பில் நன்றாக வாசித்தால் 750 டாலர். சிறப்புக் கல்வி குறைந்ததற்கு ஆண்டுக்கு 9,100 டாலரில் தொடங்கும் தொகை. அந்தக் குறைவையும் ஒத்த பின்னணியுள்ள வேறு குழந்தைகளோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டியிருந்தது.

அந்த முதலீடு போய்ச் சேர்ந்த திட்டமும் புதிதல்ல. சிகாகோவின் 'குழந்தை-பெற்றோர் மையங்கள்' 1967 முதல் நடக்கின்றன. அங்கே படித்தவர்களை ஆய்வாளர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து, பள்ளிப்படிப்பை முடிப்பது கூடியதையும் கைதுகள் குறைந்ததையும் பதிவு செய்தார்கள். இந்த மையங்களின் தனித்தன்மை பெற்றோருக்கென்றே ஓர் அறையும் ஆசிரியரும் இருப்பது. மேற்சொன்ன மூன்று கட்டணங்களில் எதுவும் அந்த அறைக்கென்று நேரடியாக வரவில்லை. அடுத்து ஒரு நகரம் இப்படி ஒப்பந்தம் எழுதும்போது பெற்றோர் அறையையும் பயிற்சி பெற்ற ஆசிரியரின் சம்பளத்தையும் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு மட்டும் பணம் என்றால், செலவைச் சுருக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இந்த இரண்டிலும்தான்.