கெட்டானா, கேட்டானா?

தூத்துக்குடிக் கடற்கரையில் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், போர்த்துகீசியப் பாதிரியார் அந்திரிக் அடிகளார் தமிழ் கற்று இலக்கணமும் எழுதினார். 1586-இல் அவரது ‘அடியார் வரலாறு’ அச்சானது; அச்சிட்ட இடமும் புன்னைக்காயலே என்பர். அதன் எழுத்தில் ‘கெட்டான்’, ‘கேட்டான்’ இரண்டும் ஒரே வடிவம்தான். வாசகர் இடம்பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி? தமிழுக்கு வந்த பிராமி எழுத்து, பிராகிருத மொழியை எழுதப் பயன்பட்டது. அங்கே எகர, ஒகரங்களில் குறில் நெடில் என்ற எதிர்நிலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரே குறி போதும். தமிழுக்கோ போதாது. குறிலுக்குப் புள்ளி வை என்றது தொல்காப்பியம். எனக்கு இது மிக நுட்பமான தீர்வாகவே படுகிறது. ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஏடெழுதியோர் அதை விட்டுவிட்டார்கள். ஓலை வழக்கத்தை அச்சும் அப்படியே ஏற்றது.

குறில் நெடிலை முழுதாகக் காட்டாதது தமிழ் எழுத்து மட்டுமல்ல. அரபு எழுத்தில் நெடில்கள் எழுதப்படும். குறில்கள் பெரும்பாலும் வாசகர் பொறுப்பு. இலத்தீனோ நெடிலை வழக்கமாகக் குறிப்பதேயில்லை.

18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழியை மாற்றினார். குறிலைத் தொடாமல் நெடிலுக்கு அடையாளம் தந்தார்: ‘ஏ’யின் காலில் சாய்கோடு, ‘ஓ’வின் அடியில் சுழி, ‘கே’யில் இரட்டைச் சுழிக் கொம்பு. இந்தக் குறில்களுக்குப் புள்ளி தேவையில்லாததால் ஓலையும் தப்பியது.