ஊர்ப் பெயரைச் சரியாகக் காட்டும் முனையம் எது?

மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியின் பெயரில் எழுத்துகள் 9; ஆனால் கணினி அதனை ஒருங்குறியில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் நியமத்தில், 15 குறிகளாகப் பிரித்து, யூ.டி.எஃப்-8 முறையில் 45 பைட்டுகளாகச் சேமிக்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனிக் குறிகளாக எண்ணப்படுவதே இதற்குக் காரணம். உலாவியில் வாசிப்பவருக்கு இவ்வேறுபாடு தென்படுவதில்லை. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் முனையத்திலேயே அது வெளிப்படுகிறது.

கட்டளைகளைத் தட்டெழுதி விடைகளை எழுத்தாகவே பெறும் சாளரமே முனையம். திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்டிருந்த, 1978இல் வெளியான விடி100 போன்ற கருவிகளைப் போல இம்மென்பொருள் நடந்துகொள்வதால் இதனை முனையப் போலி என்றும் அழைக்கலாம். அக்கருவியின் 80 நிரல், 24 நிரை என்ற கட்ட ஒழுங்கு ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் போதுமான ஆங்கிலத்துக்குப் பொருந்தியது. மெய்யின் இருபுறமும் குறி அமரும் 'கொ' போன்ற தமிழ் எழுத்துகளுக்குப் பொருந்தவில்லை. ஒரு குறி எத்தனை கட்டம் பெறும் என்பதை முனையமும் அதனுள் இயங்கும் செயலியும் தனித்தனியே கணக்கிடுவதால், இரண்டும் முரண்படும்போது கர்சர் எனப்படும் நிலைகாட்டி எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

இதனுடன் திரைமுறைமை பற்றிய கேள்வியும் சேர்கிறது. சாளரங்களைத் திரையில் காட்டி, விசைத்தட்டல்களை உரிய செயலிக்கு அனுப்பும் அடுக்கே திரைமுறைமை. 1987இல் வெளியான எக்ஸ்11 நெடுங்காலம் இப்பணியைச் செய்துவந்தது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இப்போது அதன் இடத்தைப் பெற்றுவருகிறது. எக்ஸ்டெர்ம் என்ற முனையம் எக்ஸ்11க்கு உரியது. எனினும் எக்ஸ்வேலேண்ட் என்ற இடைப்பாலம் இருந்தால் வேலேண்டிலும் இயங்கும். ஃபுட் என்ற முனையமோ வேலேண்டில் மட்டுமே இயங்கும்.

முனையம் தேவைப்படும் வேறொரு செயலி எதனைத் திறக்க வேண்டும் என்பதை இயல்நிலைத் தெரிவு தீர்மானிக்கிறது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர்' என்ற பொதுப்பெயர் ஒரு முனையத்தைச் சுட்டும். ஆனால் அத்தெரிவு கணினி முழுவதற்கும் ஒன்றே. பலர் மாறிமாறி அமரும் ஒரு பாடசாலைக் கணினியில் வேலேண்டில் நுழைந்த ஆசிரியருக்காக அப்பெயரை ஃபுட்டுக்குச் சுட்டிவிட்டால், எக்ஸ்11இல் நுழையும் மாணவருக்கு அப்பெயரால் முனையம் திறக்காது. அண்மையில் முன்மொழியப்பட்ட 'எக்ஸ்டிஜி-டெர்மினல்-எக்ஸெக்' என்ற ஏற்பாடு, ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு மேசைச்சூழலுக்கும், அதாவது பட்டிகளும் சாளரங்களும் அடங்கிய பணித்திரை அமைப்புக்கும், தனித்தனி விருப்பப் பட்டியல் வைத்திருக்க இடமளிப்பதால் இச்சிக்கலைப் பெரிதும் தீர்க்கிறது.

ஆகவே, பொதுக் கணினிக்கு இரு திரைமுறைமைகளிலும் இயங்கும் முனையமே தகும். அத்தகையவற்றுள், பன்மொழி எழுத்துகளுக்கென்றே உருவான எம்எல்டெர்ம் தமிழர் முதலில் சோதிக்க வேண்டியது. சோதனை எளியது: 'எருக்கலம்பிட்டி' என்று தட்டெழுதி, அம்புக்குறி விசையால் பின்னோக்கி நகர்ந்து, நடுவில் ஓர் எழுத்தை அழித்துப் பார்க்க வேண்டும். நிலைகாட்டி வழிதவறாமல், எழுத்து சிதையாமல் நிற்கும் முனையத்தையே இயல்நிலையாக அமைத்துக்கொள்ளுங்கள்.