லயத்து அடுப்பு

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்தில், ‘காம்பரா’ எனப்படும் அறையின் இந்த மூலையில்தான் ஒரு குடும்பத்தின் முழுச் சமையலும் நடந்தது. இலங்கை மலையகத்தின் தலவாக்கலைக் குளிரில், விடிவதற்கு முன்பே விறகடுப்பு எரியும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டிக் கல்லில் சுட்ட ரொட்டி. காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் அம்மியில் நைத்து, தேசிக்காய் பிழிந்த கட்டச்சம்பல். கூடவே சாயத்தண்ணி. கொழுந்து பறிக்க மலையேறிய பெண்களின் பசியைத் தாங்கியது இந்தத் தடித்த ரொட்டிதான், ஆறினாலும் கெடாது.

தோட்டத்தில் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் காசு பிடித்தார்கள். 1973-74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

அம்மியின் நடுவிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். அரைத்து அரைத்தே தேய்ந்தது அது.