பலகை அறுக்கும்போது செயின்சா ஏன் இறுகிப் போகிறது?

மாணவர்களே, மழைக்காற்றில் சாலையில் சாய்ந்த மரத்தைச் செயின்சாவால் துண்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெட்டுக்குச் சில விநாடிகள் போதும். பிறகு இயந்திரம் மெல்ல உறுமியபடி ஓய்வெடுக்கும். அதே செயின்சாவால் அடிமரத்தை நீளவாக்கில் அறுத்துப் பலகை எடுப்பது வேறு கதை. மூன்று மீட்டர் பலகைக்குப் பல நிமிடங்கள் முழு வேகத்தில் ஓட வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஒரே பலகையில் இறுகி நின்றுவிடுவதும் உண்டு.

செயின்சாவில் இருப்பது இருவீச்சு இயந்திரம். காரில் உள்ளதுபோல் தனி எண்ணெய்த் தொட்டியோ குளிர்விக்கும் நீரோ இதில் இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்க வைக்கிறது. பல இயந்திரங்களுக்கு 50:1 கலவை. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெய். குளிர்விப்பது காற்று. சுழலும் சக்கரத்தின் இறக்கைகள் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் மேல் காற்றை வீசுகின்றன.

வெப்பம் கூடினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் சூடானால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் கூடுதலாக 100 பாகை சூடேறினால் சுமார் 0.1 மில்லிமீட்டர் பெருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்தான்! ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். சிலிண்டருக்கு வெளிக்காற்று உண்டு, பிஸ்டனுக்கு இல்லை. அது விரைவாகப் பெருத்து, எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துச் சுவரோடு உரசுகிறது.

கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். எண்ணெய் பெட்ரோலோடு வருவதால் அதுவும் குறைகிறது. ஆவியாகும் பெட்ரோல் தரும் குளிர்ச்சியும் போகிறது. வேடிக்கை என்னவென்றால், அப்போது இயந்திரம் இன்னும் உற்சாகமாகக் கீச்சிடும். புதியவர்கள் அதை நல்ல சத்தம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால்தான் பலகை அறுப்பவர்கள் பெட்ரோல் சற்று மிகுந்திருக்கும்படி திருகைச் சரிசெய்கிறார்கள். மின்னணு கார்புரேட்டர் உள்ளவற்றில் இந்த வேலை இல்லை.

சங்கிலியும் முக்கியம். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பற்கள் பெரும்பாலும் 30 பாகை அளவில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 பாகை அளவு ஏற்றது. பல் மழுங்கினால் ஆள் அழுத்துவார், இயந்திரம் திணறும், வெப்பம் ஏறும். மரம் சீவலாக வராமல் மாவாக வந்தால் அரத்தை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. அந்த மாவு குளிர்விக்கும் தகடுகளின் இடுக்குகளை அடைப்பதால் அடிக்கடி ஊதித் தள்ள வேண்டும்.

பலகை அறுந்து விழுந்ததும் உடனே இயந்திரத்தை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. இயந்திரம் நின்றால் காற்றாடியும் நின்றுவிடும்; தேங்கிய வெப்பம் போக வழியில்லை. ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவார்கள் அனுபவசாலிகள்.

பழுது பார்ப்பவர் புகைக்குழாய்ப் பெட்டியைக் கழற்றி, துளை வழியாகப் பிஸ்டனைப் பார்ப்பார். சூடான புகை வெளியேறும் அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் கீறல் விழும்.